ஊசி நல்லாப் போடுற, முகத்தைத்தான் பார்க்க மாட்டேங்கிற

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் 29 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், மருத்துவமனை எது என்றும் தெரிய வேண்டாம் என்று கேட்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன், ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஆறு வருடம், பொது மருத்துவ வார்டு. நைட்டில் 22 நோயாளிகளுக்கு இரண்டே நர்ஸ்கள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு இரவு, கடைசிக் கட்டத்தில் இருந்த ஒரு பாட்டி இவர் கையைப் பிடித்தவர் விடவில்லை. பக்கத்தில் சொந்தம் யாரும் இல்லை, மகன் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நனைத்த பஞ்சால் காய்ந்த உதட்டைத் துடைப்பதும், பாட்டி முனகும்போது ‘இருக்கேன் பாட்டி’ என்பதுமாக நாற்பது நிமிடம் போயிருக்கிறது. ஒன்பதாம் பெட்டுக்கு இரண்டு மணிக்கு ஏற வேண்டிய ஆன்டிபயாடிக் தாமதமாகிவிட்டது. அந்த நோயாளியின் மகன் வார்டே அதிரக் கத்தினார். காலையில் மெமோ: ‘உணர்ச்சிவசப்பட்டுப் பணியில் அலட்சியம்’. பாட்டி விடிவதற்குள் இறந்துவிட்டார், மகன் அப்போதும் வந்து சேரவில்லை.

“அன்றிலிருந்து நான் மெஷின் மாதிரி ஆகிவிட்டேன் மேடம். சார்ட் சுத்தமாக இருக்கிறது, மருந்து நேரத்துக்குப் போகிறது. போன மாதம் பதினாலாம் பெட் அம்மா சொன்னார்: ‘ஊசி நல்லாப் போடுற, முகத்தைத்தான் பார்க்க மாட்டேங்கிற’. காலை ட்ரெயினில் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை அழுதேன்” என்று எழுதியிருக்கிறார். அம்மாவிடம் சொன்னால் ‘இது சேவைடி, புண்ணியம், கணக்குப் பார்க்காதே’ என்கிறார். கணவர் ‘வேலையை வேலையாப் பாரு’ என்கிறார். இன்சார்ஜ் சிஸ்டரோ ‘ஃபீலிங்ஸை லாக்கர்ல வச்சுட்டு வார்டுக்கு வா’ என்கிறாராம். எம்.எஸ்ஸி. படிக்கலாம் என்று புத்தகத்தை எடுத்தால், ‘கேரிங்’தான் நர்சிங்கின் சாரம் என்று அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது, படிக்கப் படிக்கக் குற்ற உணர்ச்சிதான் கூடுகிறது. வீட்டில் முட்டி ஆபரேஷன் ஆன மாமியாரையும் இவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவரிடமும் சிரிப்பு வரவில்லையாம். இதற்கு நடுவில், இன்க்ரிமென்ட் நேரம் என்பதால் அந்தப் பழைய மெமோவுக்கு எழுத்தில் விளக்கம் கேட்கிறது ஹெச்.ஆர்.

கேள்விகள்: அன்று செய்தது தப்பா? அக்கறை என்பது பிறவிக் குணமா, எனக்கு அது தீர்ந்துவிட்டதா? தீர்ந்தவர் இந்த வேலையில் இருக்கலாமா, இல்லை பேசாமல் ராஜினாமா செய்துவிட்டு கல்ஃப் நாடுகளில் நர்ஸ் வேலைக்கான பரீட்சைக்குப் படிக்கலாமா?

சிஸ்டர் (நானும் பதினோரு வருடம் வார்டில் நின்றுவிட்டு அப்புறம்தான் ஆலோசகரானவள், பழைய வழக்கம் போகவில்லை), கடைசிக் கேள்வியைக் கடைசியில் பார்ப்போம். தொடர்ந்து நான்கு நைட் முடித்த காலையில் யாரும் ராஜினாமா பற்றி முடிவெடுக்கக் கூடாது, அந்த நேரத்தில் புடவை எடுக்கக்கூட நான் யாரையும் விடமாட்டேன்.

அந்த நாற்பது நிமிடம்

பாட்டியிடம் உட்கார்ந்தது தப்பில்லை. அது உங்கள் வேலைக்கு வெளியே நீங்கள் காட்டிய கருணை என்று நினைக்கிறீர்கள், மெமோ எழுதியவரும் அப்படித்தான் நினைக்கிறார். இரண்டு பேர் நினைப்பதும் சரியில்லை. இறந்துகொண்டிருப்பவர் பக்கத்தில் இருப்பதும், வாயை ஈரமாக வைத்திருப்பதும், தனியாக இல்லை என்று உணரவைப்பதும் நர்சிங் வேலைதான். சார்ட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது.

ஆனால் ஒன்பதாம் பெட்டையும் விட்டுவிட முடியாது. உங்கள் கடிதத்தில் பாட்டிக்கு ஒன்றரைப் பக்கம், அவருக்கு ஒன்றரை வரி. அந்த மகன் கத்தியது அநாகரிகமாக இருக்கலாம், அவர் பயம் நியாயமானது. நேரத்துக்கு மருந்து போவது வெறும் ‘டெக்னிக்கல்’ வேலை, கையைப் பிடிப்பதுதான் ‘கேர்’ என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிரிவினையில்தான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. ஒன்பதாம் பெட்டுக்காரருக்கு அந்த இரவில் உங்கள் அக்கறை போய்ச் சேர வேண்டிய வழி அந்த ஐவி லைன்தான்.

ஆகவே நான் கேட்பது, ஏன் உட்கார்ந்தீர்கள் என்று இல்லை. உட்காரும் முன் கூட இருந்த சிஸ்டரிடம் ‘நான் இங்கே மாட்டிக்கிட்டேன், ஒன்பதுக்கு ரெண்டு மணி டோஸை நீங்க ஏத்திடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்ததா? அவரும் எங்காவது மாட்டிக்கொண்டிருந்தால் நைட் சூப்பர்வைசருக்கு போன் போட வழி இருந்ததா? ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நமக்குக் கையில் விளக்குதான் ஞாபகம் வரும். அவருடைய நர்சிங் குறிப்புகள் 1859 வாக்கில் எழுதப்பட்டவை, அதில் ஒரு முழு அத்தியாயமே இந்தச் சில்லறை நிர்வாகத்தைப் பற்றியதுதான். நீ இருக்கும்போது செய்வது, நீ இல்லாதபோதும் நடக்கும்படி பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்றால் நல்ல நர்சிங் அத்தனையும் வீணாகப் போகும் என்கிறார். முதல் தடவை படித்தபோது இது என்ன கிளார்க் வேலை மாதிரி இருக்கிறதே என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பின்னால் ஒரு இட்லித் தட்டு புத்தி சொன்னது, அதைக் கீழே சொல்கிறேன்.

சொல்லியும் ஆள் வந்திருக்காது என்றால், அது உங்கள் தவறு என்பதிலிருந்து வேறு கணக்குக்குப் போய்விடுகிறது. 22 பேருக்கு இரண்டு நர்ஸ் என்றால் ஆளுக்குப் பதினொன்று. பொது வார்டில் ஆறு பேருக்கு ஒரு நர்ஸ் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு அரசு மருத்துவமனைகளுக்குச் சொன்ன அளவு. அது உங்கள் தனியார் மருத்துவமனையைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் நீங்கள் கிட்டத்தட்ட இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டிருந்தீர்கள் என்று தெரிந்துகொள்ள அது போதும். மெமோவில் அந்த எண் இருக்கிறதா? இருக்காது.

தட்டின் இடது பக்கம்

அக்கறை பிறவிக் குணமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனசுக்குள் ஒரு டாங்க் இருக்கிறது, அதில் அக்கறை நிரம்பியிருக்கும், வேலை பார்க்கப் பார்க்கக் குறையும், ஒருநாள் தரை தட்டும் என்கிற படம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் லாரிக்குக் காத்திருந்த ஊர்க்காரர்கள் நாம், அப்படித்தான் தோன்றும். நம் வாயில் புழங்கும் சொல்லையே கொஞ்சம் பாருங்கள். நோயாளியை ‘பார்த்துக்கொள்கிறோம்’, ‘கவனித்துக்கொள்கிறோம்’. பார்ப்பது, கவனிப்பது. இரண்டுமே செய்கிற காரியம், மனசின் நிலை அல்ல. (சில ஆஸ்பத்திரி வாசலில் ‘கொஞ்சம் கவனிச்சுட்டுப் போங்க’ என்றால் வேறு அர்த்தம், அதை விடுங்கள்.) பதினாலாம் பெட் அம்மாவும் உனக்கு அன்பு இல்லை என்று சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை என்றுதான் சொன்னார். வித்தியாசம் இருக்கிறது. அன்பை வரவழைப்பது நம் கையில் இல்லை, முகத்தைப் பார்ப்பது கையில் இருக்கிறது.

என் வார்டில் பக்கவாதம் வந்த ஒரு ஐயா இருந்தார், மூளையின் வலது பக்கம் அடி. காலையில் தட்டில் நான்கு இட்லி வைத்தால் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுவார். ‘பாதி சாப்பிட்டார்’ என்று மூன்று நாள் நானே எழுதி வைத்தேன். நான்காம் நாள் தட்டை எடுக்க வந்த ஆயாம்மா, “அவரு எப்பவும் இந்தப் பக்கத்து இட்லியத்தான் சாப்புடுறாரு சிஸ்டர், அந்தப் பக்கம் அப்படியே கெடக்குது” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு இடது பக்க உலகமே இல்லை. கண் நன்றாக இருந்தும் மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது, இந்தவகைப் பக்கவாதத்தில் அப்படி வரும், பரீட்சைக்கு நான் படித்ததுதான். போய்த் தட்டை அப்படியே அரைச் சுற்றுத் திருப்பினேன். ‘அடடே’ என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மீதி இரண்டையும் எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் முகம் மட்டும் சுளித்தபடியே இருந்தது. குழறிய வாயால் இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகு புரிந்தது: “சட்னி”. சாம்பாரில் ஊறிய இட்லி அவருக்குப் பிடிக்காது.

ஜோன் ட்ரான்டோ என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1993இல் எழுதிய புத்தகத்தில் அக்கறையை நான்காகப் பிரிக்கிறார்: தேவையைக் கவனிப்பது, அதை என் பொறுப்பு என்று எடுத்துக்கொள்வது, திறமையாகச் செய்வது, செய்தது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அந்த ஆளிடமிருந்தே தெரிந்துகொள்வது. என் கதையில் கவனித்தது ஆயாம்மா, நானில்லை. திறமை என்னிடம் இருந்தது, ஆனால் கவனிப்பு இல்லாததால் மூன்று நாள் சும்மா கிடந்தது. சட்னி விஷயம் நான்காவது. அதைக் கேட்காமல் போயிருந்தால் நான் நல்ல நர்ஸ், அவர் அரைவயிற்று நோயாளி. இதில் எங்கேயும் அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கியது என்று இல்லை பாருங்கள். சொல்லப்போனால் அவர் மகள் எங்களைப் படுத்திய பாட்டில் அந்தப் பெட் பக்கம் போகவே பிடிக்காது.

இதற்கு ஒரு வால் இருக்கிறது. மறுநாள் எனக்கு ஆஃப். அடுத்த ஷிஃப்ட்காரருக்கு எழுதி வைக்கும் ஹேண்ட் ஓவரில் தட்டு விஷயத்தை நான் எழுதவில்லை. திரும்பி வந்து பார்த்தால் சார்ட்டில் ‘பாதி சாப்பிட்டார்’. நைட்டிங்கேல் சொன்ன கிளார்க் வேலை!

இப்போது உங்களை அந்த நான்கில் வைத்துப் பாருங்கள். திறமை அப்படியே இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது (பொறுப்பில்லாதவருக்குக் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை அழுகை வராது). போயிருப்பது முதலாவதும் கடைசியும், அதாவது முகத்தைப் பார்ப்பதும் பதிலுக்குக் காத்திருப்பதும். அந்த இரண்டும் ஏன் போயின? மூன்று மாதத்துக்கு முன் அந்த இரண்டையும் செய்ததற்குத்தான் உங்களுக்கு மெமோ கிடைத்தது. சூடு பட்ட கை தானாகப் பின்னால் போகிறது, அதற்கு மனசு கல்லாகிவிட்டது என்று பெயர் இல்லை.

நீங்கள் படித்த அத்தியாயங்களில் நெல் நாடிங்ஸ் பெயர் கட்டாயம் வந்திருக்கும். கணக்கு டீச்சராக இருந்து தத்துவத்துக்கு வந்தவர், தத்தெடுத்தவர்களையும் சேர்த்துப் பத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 1984இல் வந்த அவருடைய புத்தகத்தில் இரண்டு வகை அக்கறை வருகிறது. அழும் குழந்தையைத் தாய் தூக்குவது மாதிரி தானாக வருவது ஒன்று. மனசு வராதபோதும், களைப்பாக இருக்கும்போதும், ‘செய்தாக வேண்டும்’ என்று நாமாக எடுத்துக்கொண்டு செய்வது இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்றால், நாம் பிறரைப் பார்த்துக்கொண்ட, நம்மைப் பிறர் பார்த்துக்கொண்ட ஞாபகங்களிலிருந்து என்கிறார். அதை அவர் போலி என்று ஒதுக்கவில்லை. இன்று நைட்டில் சிரிப்பு வராமலேயே நீங்கள் ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ‘இப்போ கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்’ என்று சொல்லிவிட்டு ஊசி போட்டால், அது நடிப்பு இல்லை.

அதே நாடிங்ஸ் சொன்ன இன்னொன்று: பெறுபவர் அதைப் பெற்றுக்கொண்டால்தான் அக்கறை முழுமையாகிறது. உங்கள் கையைப் பிடித்த பாட்டி பிடியைத் தளர்த்தினாரா என்று கடிதத்தில் இல்லை. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அம்மா சொல்லும் புண்ணியம்

உங்கள் அம்மாவோடு சண்டை போடச் சொல்லமாட்டேன், ஆனால் ‘கணக்குப் பார்க்காதே’ என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சேவை என்று சொல்லிச் சொல்லியே நர்ஸின் சம்பளத்தை வாயடைத்து வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு இது இயற்கை என்பதும் அதே ரகம். 1982இல் கேரல் கில்லிகன் என்ற அமெரிக்க உளவியலாளர் அக்கறையின் குரலைப் பற்றி எழுதியபோதே, இந்தக் குரலுக்கு அடையாளம் அதன் பொருள்தான், ஆணா பெண்ணா என்பது அல்ல என்று முன்னுரையில் எழுதிவிட்டார். அந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை போல.

நம்மிடமே இதைவிடத் தெளிவான பேச்சு இருக்கிறது. நர்ஸஸ் டே மேடையில் திருக்குறள் சொல்கிறவர்கள் ‘நோய்நாடி நோய்முதல் நாடி’யோடு இறங்கிவிடுவார்கள், அது டாக்டருக்கான குறள். அதே மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950, நமக்கானது:

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். இந்த நான்கும் சேர்ந்ததுதான் வைத்தியம். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவர், டாக்டருக்கு எடுபிடியாக இல்லை, நான்கில் ஒரு கூறு. இந்த ஆளுக்கு என்னென்ன வேண்டும் என்று பரிமேலழகர் உரையில் நான்கு வருகிறது: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி உடல் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. அன்பு இருக்கிறது, முதலிலேயே இருக்கிறது, ஆனால் நான்கில் ஒன்று. உங்கள் இன்சார்ஜ் அந்த ஒன்றை லாக்கரில் வைக்கச் சொல்கிறார், உங்கள் அம்மா அந்த ஒன்று மட்டும் போதும் என்கிறார்.

சம்பளக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தனியார் நர்ஸ்கள் நிலை பற்றிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவைத் தொடர்ந்து மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனை, மாநில அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும். 100க்கு மேல் என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஐம்பதுக்குக் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது அந்தக் குழு. இது பரிந்துரைதான், இதைக் காட்டி நாளைக்கே நீங்கள் சம்பளம் வாங்கிவிட முடியாது. ஆனால் இன்க்ரிமென்ட் பேசப் போகும்போது உங்கள் மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்று எண்ணி வைத்துக்கொண்டு போவதில் பாவம் ஒன்றும் இல்லை.

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈவா கிட்டே என்றொரு தத்துவவாதி, கடுமையான மாற்றுத்திறன் உள்ள மகளை வளர்த்தவர். பிறரைப் பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டு, பிரசவித்த தாய்க்குத் துணை நிற்கும் ‘டூலா’வின் பெயரால் அதை ஒரு நீதியாகவே பேசினார். நமக்கு இது புதுசா? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோமே, அது என்ன? பிள்ளையைத் தாய் பார்ப்பாள், தாயை அவள் அம்மா பார்ப்பாள், பத்தியக் குழம்பு வைத்து வெந்நீர் ஊற்றிவிடுவாள். மூன்றாவது ஆள் இல்லாமல் இரண்டாவது ஆள் தாங்கமாட்டாள் என்று தெரிந்து செய்த ஏற்பாடு. உங்கள் வார்டிலும் வீட்டிலும் அந்த மூன்றாவது ஆள் இல்லை. ‘வேலையை வேலையாப் பாரு’ என்கிற உங்கள் கணவர், நைட் முடிந்து நீங்கள் வரும் காலைகளில் அவர் அம்மாவின் முட்டிப் பயிற்சியைத் தானே செய்யவைக்கலாம். பிசியோ சொல்லிக் கொடுத்தால் இரண்டு நாளில் பழகிவிடும். இதைக் கெஞ்சிக் கேட்காதீர்கள். அவர் அம்மா.

இந்த மரத்துப்போன உணர்வு

எது சரி என்று தெரிந்தும், இருக்கிற அமைப்பு அதைச் செய்ய விடாதபோது வரும் நெஞ்சடைப்புக்கு ‘தார்மீக நெருக்கடி’ என்பதுபோல ஒரு பெயர் வைத்து 1984இலேயே எழுதினார் ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற தத்துவவாதி, அதுவும் நர்ஸ்களைப் பற்றித்தான். உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் அதுதான் என்று கடிதத்தை வைத்து நினைக்கிறேன். அது நீண்டால் பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலையோடு சேர்ந்து வரும் நிலை என்கிறது. மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தியே இல்லாத களைப்பு, வேலையிலிருந்து மனசு விலகிப்போவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்கிற எண்ணம். மூன்றும் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி இருக்கின்றன.

ஆனால் கடிதத்தை வைத்து நான் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆஃப் நாளிலும் தூக்கம் வரவில்லை, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி மூன்று மணிக்குத் தோன்றினால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். நர்ஸ்கள் அதற்கு போன் செய்யக் கூச்சப்படுவார்கள், நம்மை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. உங்களுக்கு அந்தக் கூச்சம் வேண்டாம்.

சரி, இனி என்ன செய்யலாம்

எம்.எஸ்ஸி. ஆசையை விடாதீர்கள், குற்ற உணர்ச்சிக்காகப் படிக்காமல் அந்தப் புத்தகங்களோடு சண்டை போடுவதற்காகப் படியுங்கள். கல்ஃப் போவதென்றால் தாராளமாகப் போங்கள், பணத்துக்காகப் போகிறேன் என்று தைரியமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அக்கறை தீர்ந்துவிட்டது என்பதற்காகப் போனால் அங்கேயும் அதே லக்கேஜ்தான் இறங்கும். நடுவில் இன்னொரு வழி இருக்கிறது: வார்டு மாற்றிக் கேட்பது. நீங்கள் எழுதியதைப் படித்தால், வலி தணிக்கும் சிகிச்சைப் பிரிவில், அதாவது பேலியேட்டிவில், அந்த நாற்பது நிமிடம் உங்கள் டூட்டி லிஸ்ட்டிலேயே இருந்திருக்கும். எல்லாருக்கும் அது ஒத்துவராது, மரணம் தினமும் பக்கத்தில் இருக்கும். ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வார்டில் தொடர்வதாக இருந்தால், 22 பேரிடமும் பழையபடி மாறுகிறேன் என்று சபதம் எடுக்காதீர்கள், நடக்காது. ஒரு நைட்டுக்கு ஒரு பெட். அந்த ஒருவருக்குக் கையில் குத்தியிருக்கும் ஐவி குழாயை, அதாவது கானுலாவைப் பார்க்கும் முன் முகத்தைப் பாருங்கள், ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நில்லுங்கள். தெரிந்ததை ஹேண்ட் ஓவரில் ஒரு வரியாக எழுதுங்கள், ‘லைட்டை அணைத்தால் பயப்படுகிறார்’, ‘இடது காதில் பேச வேண்டும்’ என்கிற மாதிரி. உங்கள் கூட இருக்கும் சிஸ்டரிடம், இருவரில் ஒருவர் உட்கார வேண்டி வந்தால் மற்றவர் மருந்தை எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். முதலில் பதினாலாம் பெட் அம்மா டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா பாருங்கள்.

ஹெச்.ஆருக்குத் தரும் விளக்கம்: நான் வக்கீல் இல்லை, ஆனால் இப்படிப் பல கடிதங்களைப் படித்திருக்கிறேன். உணர்ச்சிவசப்பட்டேன் என்று எழுதாதீர்கள், அந்தச் சொல் மெமோவுடையது, உங்களுடையது அல்ல. ‘இறக்கும் தருவாயில் இருந்த, துணை இல்லாத நோயாளிக்கு வாய்ப் பராமரிப்பும் உடனிருப்பும் அளித்தேன்’ என்று எழுதுங்கள். மருந்து தாமதமானதை மறைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள், இனி அப்படி ஆகாமலிருக்க என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரி. அன்று வார்டில் எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ் என்பதைக் குற்றம் சாட்டாமல் எண்ணாக மட்டும் போடுங்கள். அவர்கள் அடித்துத் தரும் வாசகத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். பெற்றுக்கொண்டதற்குச் சீல் வைத்த நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஒன்பதாம் பெட்டுக்கு மருந்து கடைசியில் எத்தனை மணிக்கு ஏறியது என்று மட்டும் ஞாபகத்திலிருந்து எழுதிவிடாதீர்கள். கடிதத்தில் ஒரு இடத்தில் 2.40 என்றும் இன்னொரு இடத்தில் மூன்று மணி என்றும் எழுதியிருக்கிறீர்கள், சார்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதுங்கள்.